உருளும் பந்தும் உறுதியான உள்ளமும்

கண்ணாடிக் குவளையின் வாய்மேல் ஓர் அட்டை. அட்டையின் நடுவே ஒரு நாணயம். அட்டையை விரலால் வெடுக்கென்று சுண்டிவிட்டால் அட்டை பறந்து போகிறது. நாணயமோ அதனுடன் செல்லாமல் குவளைக்குள் விழுகிறது. இச்சோதனையை இவ்வாண்டு எங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்தபோது நாங்கள் முதலில் சிரித்தோம். பிறகு விதியை எழுதி மனப்பாடம் செய்தோம். ஓய்வில் இருக்கும் பொருள், சமன் செய்யப்படாத விசை ஒன்று தன்மீது செயல்படாத வரையில் ஓய்விலேயே இருக்கும். நேர்கோட்டில் சீரான வேகத்தில் செல்லும் பொருள் அவ்வாறே சென்றுகொண்டிருக்கும். பொருள்களின் இந்தக் குணத்திற்கு நிலைமம் என்று பெயர்.

பாடநூலில் இவ்விதி நியூட்டனின் பெயரால் அமைந்துள்ளது. ஆனால் நியூட்டன் பிறப்பதற்கு முன்பே இவ்வழியில் நெடுந்தூரம் நடந்தவர் ஒருவர் உண்டென்றும், அவர் இத்தாலி நாட்டுக் கலிலியோ என்றும், கத்தோலிக்கராகவே வாழ்ந்து கத்தோலிக்கராகவே இறந்த அவரை நம் திருச்சபையின் நீதிமன்றமே குற்றவாளி என்று தீர்த்ததென்றும் எங்கள் இயற்பியல் ஆசிரியையான அருட்சகோதரி கூறினார்கள். வகுப்பு அமைதியாகிவிட்டது. எங்களுள் ஒருத்தி எழுந்து, அது எப்படி நடந்தது, அது சரிதானா என்று துணிந்து கேட்டாள். சகோதரி கோபிக்கவில்லை, மழுப்பவும் இல்லை. நாங்களே படித்தறிந்து ஆண்டு மலருக்கு எழுதவேண்டும் என்று பணித்துவிட்டார்கள். அப்படிப் படித்ததையே இங்கே எழுதுகிறோம்.

இளமைப் பருவம்

கலிலியோ கலிலி 1564-ஆம் ஆண்டு பெப்ரவரி 15-ஆம் நாள் பைசா நகரில் பிறந்தார். தந்தையார் வின்சென்சோ கலிலி ஓர் இசைவாணர். நரம்புக் கருவியை வாசிப்பதோடு நில்லாமல், நரம்பில் எடையைத் தொங்கவிட்டு இழுவிசை மாறும்போது சுருதி எவ்வாறு மாறுகிறது என்று சோதித்துப் பார்த்தவர். பழைய நூல்களில் எழுதியிருக்கிறது என்பதற்காக ஒன்றை நம்பாமல் காதால் கேட்டும் கையால் தொட்டும் அறிய வேண்டும் என்பது அவர் கொள்கை. தந்தையின் செல்வம் மகனுக்கு வரவில்லை, ஏனெனில் செல்வமே இல்லை. ஆனால் அந்தக் கொள்கை குறைவின்றி வந்து சேர்ந்தது.

சிறுவயதில் கலிலியோ வல்லம்புரோசா என்னும் மலைப்பகுதித் துறவு மடத்தில் கல்வி பயின்றார். மடத்து வாழ்க்கை அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அங்கேயே துறவியாகிவிட விரும்பினார். தந்தையார் சம்மதிக்கவில்லை, மகனைத் திரும்ப அழைத்துக்கொண்டார். மருத்துவம் படித்தால் குடும்பம் பிழைக்கும் என்றெண்ணி 1581-இல் பைசாப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தார். கலிலியோவின் மனமோ கணிதத்தின்பால் ஓடியது. 1585-இல் பட்டம் பெறாமலேயே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார். பட்டமில்லாத அதே இளைஞர் நான்கே ஆண்டுகளில், 1589-இல், அதே பல்கலைக்கழகத்தில் கணித ஆசிரியராக அமர்ந்தார் என்பது வியப்புக்குரியதன்றோ!

பைசாவின் சாய்ந்த கோபுரத்திலிருந்து அவர் எடையில் வேறுபட்ட பொருள்களைப் போட்டுக் காட்டினார் என்ற கதையை நாம் எல்லோரும் அறிவோம். அதை எழுதி வைத்தவர் அவருடைய சீடர் விவியானி. அந்நிகழ்ச்சி உண்மையில் நடந்ததா என்பதில் வரலாற்று அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. நாங்கள் அக்கதையை இங்கே விரித்துரைக்காமல் விட்டதற்குக் காரணம், அதைவிடச் சிறந்த, ஐயத்திற்கு இடமில்லாத சோதனை ஒன்று இருப்பதுதான்.

உருண்டையும் பலகையும்

1592-இல் கலிலியோ பதுவை நகருக்குச் சென்றார். ஆம், நம் அந்தோனியாரின் திருத்தலம் அமைந்துள்ள அதே பதுவைதான். அங்கே பதினெட்டு ஆண்டுகள் கணிதம் கற்பித்தார். தந்தை 1591-இலேயே இறந்துவிட்டமையால் தாய், தம்பி, தங்கையர் பொறுப்பும் தங்கையரின் சீதனக் கடனும் அவர் தலைமேல் விழுந்தன. வீட்டில் மாணவர்களைத் தங்கவைத்துப் பாடம் சொல்லியும் கணிதக் கருவிகள் செய்து விற்றும் குடும்பத்தை நடத்தினார். இந்தக் கவலைகளுக்கிடையே இரவும் பகலும் அவர் ஆராய்ந்த பொருள் ஒன்று: பொருள்கள் எவ்வாறு இயங்குகின்றன?

அக்காலத்துப் பல்கலைக்கழகங்களில் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின் கருத்தே கோலோச்சியது. எந்தப் பொருளும் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமானால் அதை ஒன்று ஓயாமல் தள்ளிக்கொண்டோ இழுத்துக்கொண்டோ இருக்கவேண்டும். தள்ளுவது நின்றால் ஓட்டமும் நின்றுவிடும் என்பது அக்கருத்து. மேலோட்டமாகப் பார்த்தால் இது சரியாகவே தோன்றும். மாடு நின்றால் வண்டி நின்றுவிடுகிறதே!

கலிலியோ பன்னிரண்டு முழம் நீளமுள்ள மரச்சட்டம் ஒன்றை எடுத்தார். அதில் விரலகலத்திற்கு நேரான பள்ளம் இழைத்து, மழமழப்பாக்கி, உள்ளே வழவழப்பான தோல்தாளை ஒட்டினார். சட்டத்தின் ஒரு முனையைச் சற்றே உயர்த்தி, நன்றாக உருட்டித் தேய்த்த வெண்கல உருண்டையைப் பள்ளத்தில் ஓடவிட்டார். நொடி காட்டும் கடிகாரம் அன்று இல்லை. ஆகவே பெரிய பாத்திரம் ஒன்றில் நீர் நிரப்பி, அடியில் மெல்லிய குழாய் பொருத்தி, உருண்டை ஓடும் நேரத்தில் ஒழுகிய நீரைப் பிடித்து நுண்ணிய தராசில் நிறுத்தார். நீரின் எடையே அவருக்கு நேரத்தின் அளவு. ஒரு முறை இரு முறையன்று, நூறு தடவைக்கு மேலும் திரும்பத் திரும்பச் செய்தார்.

அவர் கண்டது இது: முதல் நேரப்பகுதியில் உருண்டை ஒரு பங்கு தூரம் ஓடினால், அடுத்த சம நேரத்தில் 3 பங்கும், அதற்கடுத்து 5 பங்கும், பின்னர் 7 பங்கும் ஓடுகிறது. மொத்தத் தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் 1, 4, 9, 16 என்று வருகிறது. அதாவது தூரம் நேரத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. இயக்கத்திற்கும் ஒரு கணக்கு உண்டு என்று உலகம் கற்றுக்கொண்டது இந்த மரப்பள்ளத்தில்தான்.

அதன் பிறகு அவர் சிந்தனை மேலும் ஒரு படி சென்றது. சரிவில் இறங்கும் உருண்டையின் வேகம் கூடுகிறது. மேட்டில் ஏறும் உருண்டையின் வேகம் குறைகிறது. அப்படியானால் இறக்கமும் இல்லாமல் ஏற்றமும் இல்லாமல் சமதளத்தில் ஓடும் உருண்டைக்கு என்ன ஆகும்? கூடவும் காரணமில்லை, குறையவும் காரணமில்லை. வேறொரு விதமாகவும் எண்ணிப் பார்த்தார். எதிரெதிரே இரண்டு சரிவுகள். ஒன்றில் இறங்கிய உருண்டை, உராய்வு இல்லையென்றால், மற்றொன்றில் அதே உயரம் வரை ஏறும். இரண்டாவது சரிவை மேலும் மேலும் படுக்க வைத்தால், அதே உயரத்தை எட்ட உருண்டை மேலும் மேலும் நெடுந்தூரம் ஓடவேண்டியிருக்கும். முற்றிலும் படுத்துவிட்டால்? அந்த உயரத்தை எட்டவே முடியாது, ஓட்டமும் நிற்காது.

ஆக, ஓடுவதற்கு விசை தேவையில்லை. ஓட்டத்தை மாற்றுவதற்குத்தான் விசை தேவை! வண்டி நிற்பதற்குக் காரணம் மாடு இழுக்காதது அன்று. சக்கரத்தையும் அச்சையும் பற்றிப் பின்னுக்கு இழுக்கும் உராய்வுதான். மாடு சீராக இழுத்துச் செல்லும்போது முன்னிழுக்கும் விசையும் பின்னிழுக்கும் விசையும் சமமாக இருக்கின்றன. தொகுபயன் விசை சுழி. எனவே வேகம் மாறுவதில்லை. மேசைமேல் கிடக்கும் புத்தகத்திற்கும் இதே கணக்குத்தான். எடை அதைக் கீழே இழுக்கிறது. மேசை அதே அளவு மேலே தாங்குகிறது. அசையாமல் கிடப்பதால் அதன்மீது விசையே இல்லை என்று எண்ணிவிடலாகாது. விளையாட்டு விழாவில் கயிறு இழுக்கும் போட்டியின்போது, இரு பக்கமும் முழு மூச்சுடன் இழுத்தும் நடுவிலுள்ள கைக்குட்டை சற்று நேரம் அசையாமல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

வானம் திறந்தது

1609-இல் ஹாலந்து நாட்டில் தொலைவிலுள்ளதை அருகில் காட்டும் கருவி ஒன்று செய்யப்பட்டிருப்பதாகக் கலிலியோ கேள்வியுற்றார். தாமே ஆடிகளைத் தேய்த்து அதைவிடச் சிறந்த தொலைநோக்கியைச் செய்து வானத்தை நோக்கித் திருப்பினார். நிலவில் மலைகளைக் கண்டார். 1610 சனவரியில் வியாழனைச் சுற்றி நான்கு துணைக்கோள்களைக் கண்டார். எல்லாம் பூமியைத்தான் சுற்றவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று அந்த நான்கு சிறு புள்ளிகள் காட்டிவிட்டன. அவ்வாண்டே புளோரன்ஸ் நகர அரசவையில் கணித அறிஞராகப் பதவி ஏற்றார். 1611-இல் உரோமையிலிருந்த இயேசு சபைக் குருக்களாகிய வானியல் அறிஞர்களும் தங்கள் தொலைநோக்கிகளால் பார்த்து, அவர் கண்டவை உண்மையே என்று ஒப்புக்கொண்டனர். அவரைச் சிறப்பித்தனர்.

பூமி ஞாயிற்றைச் சுற்றி வருகிறது என்று 1543-இல் எழுதியவர் கொப்பர்னிக்கஸ். அவரும் திருச்சபையின் பேராலயக் குழு ஒன்றைச் சேர்ந்தவரே. அவர் கூற்றே சரியென்று கலிலியோ வெளிப்படையாக எடுத்துரைக்கத் தொடங்கினார். ஞாயிற்றை நிற்கும்படி யோசுவா கட்டளையிட்டதாக மறைநூல் கூறும்போது, ஞாயிறு நிலையானது என்று சொல்லலாமா என்ற கேள்வி எழுந்தது. மறைநூல் மீட்பின் வழியைக் கற்பிக்க வந்ததேயன்றி வானியலைக் கற்பிக்க வந்ததன்று என்பது கலிலியோவின் நிலை. 1616-இல் கொப்பர்னிக்கஸின் நூல் திருத்தப்படும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. அக்கருத்தை உண்மையென்று கொள்ளலாகாது என்று கர்தினால் பெல்லார்மின் கலிலியோவை எச்சரித்தார். பிற்காலத்தில் புனிதராக உயர்த்தப்பட்ட இந்தக் கர்தினால், உறுதியான சான்று கிடைத்தால் மறைநூல் பகுதிகளை வேறு விதமாக விளக்க வேண்டியிருக்கும் என்பதையும் ஒப்புக்கொண்டவர். ஆனால் அத்தகைய சான்று இன்னும் இல்லை என்று அவர் கருதினார்.

இரு பெண்மக்கள்

இங்கே கலிலியோவின் வீட்டைப் பற்றியும் கூறவேண்டும். பதுவையில் வாழ்ந்தபோது மரீனா கம்பா என்னும் பெண்மணியிடம் அவருக்கு வர்ஜீனியா, லிவியா என்ற இரு பெண்களும் வின்சென்சோ என்ற மகனும் பிறந்தனர். ஆனால் அவர் மரீனாவைத் திருமணம் செய்துகொள்ளவில்லை. அதனால் பெண்களுக்கு மணமகன் கிடைப்பது அரிது என்றெண்ணி, 1613-இல் இருவரையும் ஆர்செத்ரி என்னும் ஊரில் புனித கிளாரா சபையினரின் தூய மத்தேயு மடத்தில் சேர்த்துவிட்டார். அப்போது மூத்தவளுக்கு 13 வயது, இளையவளுக்கு 12. எங்களைவிடச் சிறியவர்கள். அவர்களுடைய விருப்பம் என்ன என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பெரிய மனிதரின் வாழ்க்கை என்பதற்காக இதை நாங்கள் மறைக்க விரும்பவில்லை. இளையவர் அடிக்கடி நோயுற்று வருந்தினார் என்று படித்தபோது எங்கள் மனம் கனத்தது.

மூத்தவர் 1616-இல் வார்த்தைப்பாடு கொடுத்து, மரிய செலஸ்தே என்ற பெயரை ஏற்றார். செலஸ்தே என்றால் வானத்தைச் சார்ந்தவள் என்று பொருள். வானத்தை ஆராயும் தந்தைக்கு மகள் அளித்த பரிசு அப்பெயர் எனலாம். மடம் மிகவும் ஏழ்மையானது. குளிருக்குப் போதிய போர்வையும் உணவும் இல்லாத நாள்கள் உண்டு. அங்கே அவர் மருந்து தயாரிக்கும் பணியைச் செய்தார். தந்தையின் கழுத்துப்பட்டைகளைத் தைத்து வெளுத்து அனுப்பினார். நாரத்தை வகைப் பழங்களைச் சர்க்கரையிலிட்டுப் பக்குவம் செய்து அனுப்பினார். தந்தையின் எழுத்துகளை அழகிய கையெழுத்தில் படியெடுத்தும் கொடுத்தார். அவர் தந்தைக்கு எழுதிய கடிதங்களில் 124 இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. தந்தை மகளுக்கு எழுதியவற்றில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

கப்பலின் அறை

1632-இல் கலிலியோ தம் புகழ்பெற்ற உரையாடல் நூலை வெளியிட்டார். மூன்று நண்பர்கள் கூடிப் பேசுவதாக அமைந்த அந்நூல், பூமி நிலையானது என்ற கொள்கையையும் பூமி சுழல்கிறது என்ற கொள்கையையும் எதிரெதிரே வைத்து ஆராய்ந்தது. எங்கள் உருண்டை மறுபடியும் இங்கேதான் வருகிறது.

பூமி சுழல்கிறது என்பதை மறுத்தவர்கள் மூடர்கள் அல்லர். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. பூமி அவ்வளவு வேகமாக ஓடினால் நாம் ஏன் தூக்கி எறியப்படவில்லை? கோபுரத்திலிருந்து விழும் கல் ஏன் பின்தங்கித் தொலைவில் விழாமல் கோபுரத்தின் அடியிலேயே விழுகிறது? பறவைகளும் மேகங்களும் ஏன் பின்தங்கிவிடவில்லை?

கலிலியோவின் விடை ஒரு கப்பல். பெரிய கப்பலின் அடித்தட்டில் சாளரம் இல்லாத அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்வதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். உள்ளே வண்ணத்துப்பூச்சிகளும் ஈக்களும் பறக்கின்றன. ஒரு தொட்டியில் மீன்கள் நீந்துகின்றன. மேலே தொங்கும் குப்பியிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாகக் கீழேயுள்ள பாத்திரத்தில் விழுகிறது. கப்பல் நிற்கும்போது இவையெல்லாம் எப்படி நடக்கின்றனவோ, கப்பல் அசைந்தாடாமல் சீரான வேகத்தில் ஓடும்போதும் அப்படியேதான் நடக்கும். சொட்டு நீர் பின்னால் விழாது. பூச்சிகள் பின்சுவரில் போய் மோதா. ஏனெனில் அறையிலுள்ள ஒவ்வொன்றும் கப்பலின் வேகத்தைத் தானும் பெற்றிருக்கிறது. அதை இழக்கக் காரணம் ஏதும் இல்லை. உள்ளே இருப்பவருக்குக் கப்பல் நிற்கிறதா ஓடுகிறதா என்று கண்டுபிடிக்கவே முடியாது. அந்தக் கப்பல்தான் பூமி; அந்த அறைக்குள் இருப்பவர்கள்தாம் நாம்.

பின்னர் 1640-இல் பிரெஞ்சு நாட்டுக் குருவானவர் பியேர் கசாந்தி, மார்செய் துறைமுகத்தில் விரைந்து செல்லும் கப்பலின் பாய்மரத்து உச்சியிலிருந்து கற்களைப் போடச் செய்தார். அவை மரத்தின் அடியிலேயே விழுந்தன.

பூமத்திய ரேகையில் நிற்பவர் மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறார். பூமியோடு சேர்ந்து நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வீதம் ஞாயிற்றைச் சுற்றி வருகிறார். என்றாலும் கையிலுள்ள தேநீர் தளும்புவதில்லை. பேருந்து சீராகச் செல்லும்போது ஒன்றும் தெரியாமல், திடீரென்று நிறுத்தும்போதுதானே நாம் முன்னால் சாய்கிறோம்? நாம் உணர்வது வேகத்தையன்று, வேகத்தின் மாற்றத்தையே. நிலைமம் என்ற இந்த ஒரு கருத்து இல்லையேல் பூமி சுழல்கிறது என்பதை யாராலும் ஏற்றிருக்க முடியாது.

கலிலியோவிடம் குறையே இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கடலின் ஏற்றவற்றத்திற்குப் பூமியின் ஓட்டமே காரணம் என்று அந்நூலில் வாதிட்டார்; அது தவறு. முதன்மைக் காரணம் நிலவின் ஈர்ப்பு. பூமியின் ஓட்டத்தால் விண்மீன்களின் இடம் சிறிதளவு மாறித் தோன்றுவதை அளந்து காட்ட உலகம் 1838 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எதிராளிகளை ஏளனம் செய்யும் கூரிய நாவும் அவருக்கு உண்டு. அதனால் நண்பர்களை இழந்தார்.

தீர்ப்பு

அப்போது திருத்தந்தையாக இருந்த எட்டாம் உர்பான் ஒரு காலத்தில் கலிலியோவை மதித்துப் போற்றியவர். தாம் கூறிய வாதத்தை நூலில் வரும் அறிவு குறைந்த பாத்திரத்தின் வாயில் வைத்துத் தம்மை அவமதித்துவிட்டதாக அவர் எண்ணினார். கலிலியோ உரோமைக்கு அழைக்கப்பட்டார். வயது ஏறத்தாழ 69, உடல்நலம் இல்லை, வழியெங்கும் கொள்ளைநோய் அச்சம். 1633 பெப்ரவரியில் உரோமை போய்ச் சேர்ந்தார்.

தந்தை இல்லாத அந்த மாதங்களில் மரிய செலஸ்தே மடத்துக்குள் இருந்தபடியே தந்தையின் வீட்டு நிருவாகத்தைக் கவனித்தார். தோட்டத்தில் என்ன காய்த்தது, பீப்பாயில் திராட்சை இரசம் எப்படி இருக்கிறது, கோவேறு கழுதை யார் சொல்லைக் கேட்கிறது என்றெல்லாம் எழுதித் தந்தையின் மனத்திற்கு ஆறுதல் அளித்தார்.

1633 சூன் 22-ஆம் நாள் சாமிநாதர் சபையினரின் மினர்வா மடத்தில் கலிலியோ முழந்தாளிட்டு, பூமி அசைகிறது என்ற கருத்தைத் தாம் கைவிடுவதாக வாசித்தார். நீதிபதிகளான பத்துக் கர்தினால்மாரில் மூவர் தீர்ப்பில் கையொப்பமிடவில்லை. நூல் தடை செய்யப்பட்டது. அவருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது வீட்டுக்காவலாக மாற்றப்பட்டது. தவச் சங்கீதங்கள் ஏழையும் மூன்றாண்டுக் காலம் வாரந்தோறும் சொல்லவேண்டும் என்றும் பணிக்கப்பட்டது. இச்செய்தி அறிந்த மகள், அந்தச் செபக் கடனைத் தந்தைக்குப் பதிலாகத் தாமே ஏற்றுக்கொண்டார். திருச்சபையின் கன்னிகையாக அவர் கீழ்ப்படிதலைக் கைவிடவில்லை. மகளாகத் தந்தையையும் கைவிடவில்லை. இரண்டையும் ஒரே மனத்தில் தாங்கிக்கொண்டார். இந்த இடத்தைப் படித்தபோது எங்களுள் சிலர் கண்கலங்கினோம் என்பதைச் சொல்லிக்கொள்ள வெட்கப்படவில்லை.

ஆர்செத்ரி

சியன்னாப் பேராயரின் இல்லத்தில் சில மாதங்கள் அன்புடன் வைக்கப்பட்டிருந்த பின், 1633 திசம்பரில் ஆர்செத்ரியிலுள்ள தம் வீட்டிற்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. மகளின் மடம் நடக்கும் தூரத்திலேயே இருந்தது. ஆனால் அந்த மகிழ்ச்சி நான்கு மாதங்கூட நீடிக்கவில்லை. வயிற்றுக்கடுப்பு நோய் கண்டு 1634 ஏப்பிரல் 2-ஆம் நாள் மரிய செலஸ்தே இறைவனடி சேர்ந்தார். வயது 33. முதியவர் துயரத்தில் ஆழ்ந்தார்.

ஊரைவிட்டு நகரக் கூடாது. விருப்பம்போல் எவரையும் அழைக்கக் கூடாது. பூமியின் ஓட்டத்தைப் பற்றிப் பேசவே கூடாது. இந்த நிலையில் வேறு யாராக இருந்தாலும் ஓய்ந்திருப்பார்கள். கலிலியோ பதுவையில் எழுதி வைத்திருந்த பழைய குறிப்புகளை எடுத்தார். வானத்தைப் பற்றிப் பேசத்தான் தடை. மரப்பள்ளத்தில் ஓடும் வெண்கல உருண்டையைப் பற்றிப் பேசத் தடையில்லையே! இரு புதிய அறிவியல்கள் என்ற நூல் அவ்வாறு உருவாயிற்று. பொருள்களின் வலிமை ஒன்று, இயக்கம் மற்றொன்று. எறியப்பட்ட பொருள் கிடைமட்டத்தில் சீராகச் சென்றுகொண்டே கீழ்நோக்கி வேகம் மிகுந்து விழுவதால் அதன் பாதை பரவளையமாகிறது என்பதை அதில் நிறுவினார். நூல் 1638-இல் ஹாலந்தின் லைடன் நகரில் அச்சாயிற்று. அதற்குள் நூலாசிரியர் இரு கண்களின் பார்வையையும் முற்றிலும் இழந்துவிட்டார். வானத்தில் மற்றவர் காணாததைக் கண்ட கண்களுக்குத் தாம் எழுதிய நூலைக் காணும் பேறு கிட்டவில்லை.

விவியானி என்ற இளைஞரும், பின்னர் காற்றழுத்தமானி கண்ட தோரிசெல்லியும் உடனிருந்து உதவ, 1642 சனவரி 8-ஆம் நாள் கலிலியோ தம் 77-ஆம் வயதில் காலமானார். இங்கிலாந்தில் அன்று வழங்கிய பழைய நாட்காட்டியின்படி, அதே 1642-ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று நியூட்டன் பிறந்தார். கலிலியோவின் சமதள ஓட்டம் பூமியின் உருண்டை வடிவைத் தழுவி வளைந்தே செல்வதாக அமைந்திருந்தது. அதை நேர்கோடாக்கியவர்களுள் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட் குறிப்பிடத்தக்கவர். நியூட்டன் 1687-இல் அதை முதல் விதியாக வகுத்தபோது, கலிலியோவுக்குத் தாம் பட்ட கடனை எழுதத் தவறவில்லை.

தொடக்கத்தில் அவர் உடலுக்குச் சிறப்பான கல்லறை எழுப்ப அனுமதி கிடைக்கவில்லை. 1737-இல்தான் புளோரன்ஸ் திருச்சிலுவை ஆலயத்தில் எழிலுற அமைத்த கல்லறைக்கு மாற்றினர். அப்போது அவருடைய பெட்டிக்கு அடியில் ஒரு பெண்ணின் எலும்புகள் அடங்கிய மற்றொரு பெட்டியும் காணப்பட்டது. அவை மரிய செலஸ்தேயினுடையவை என்று கருதி, தந்தையுடனேயே அடக்கம் செய்தனர். அக்கல்லறையில் அவர் பெயர் பொறிக்கப்படவில்லை.

முடிவுரை

1971 ஆகஸ்டில் அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் காற்றில்லாத நிலவில் நின்று ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாகக் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் 2012-இல் விண்மீன்களிடை வெளியை அடைந்து, முன்னே தள்ளும் இயந்திரம் ஏதுமின்றி, நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆர்செத்ரியின் பார்வையற்ற முதியவர் மனக்கண்ணால் கண்ட நில்லாத உருண்டை இதுதானே!

இனி எங்கள் தோழியின் கேள்விக்கு வருவோம். அது சரிதானா? சரியன்று. இதை நாங்களாகச் சொல்லவில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இவ்வழக்கை ஆராய ஒரு குழுவை அமைத்து, 1992 அக்டோபர் 31-ஆம் நாள் திருத்தந்தையின் அறிவியல் கழகத்தினர் முன்னிலையில், அன்றைய இறையியலார் தவறிழைத்தனர் என்பதை ஒப்புக்கொண்டார். தீர்ப்புக்கும் அதற்கும் இடையே 359 ஆண்டுகள். தாமதம்தான். ஆனால் தவறு செய்யாதிருப்பது போலவே, செய்த தவறை ஒப்புக்கொள்வதும் வலிமையே என்று நாங்கள் கற்றோம். நெடுங்காலமாக ஒரே நிலையில் இருந்த மனத்தை அசைப்பதற்கும் விசை தேவைப்படுகிறது. நிலைமம் உருண்டைக்கு மட்டும் உரியதன்று.

இன்னொன்றும் கற்றோம். கேள்வி கேட்டால் விசுவாசம் போய்விடும் என்று அஞ்சவேண்டியதில்லை. கலிலியோவின் விசுவாசம் போகவில்லை. அவர் மகளுடைய விசுவாசமும் போகவில்லை. கேள்வி கேட்ட எங்கள் தோழி இப்போதும் காலைச் செபத்தில் எங்களோடு முதல் வரிசையில்தான் நிற்கிறாள்.

ஆய்வுக்கூடத்தில் அந்த நாணயமும் அட்டையும் இன்னும் இருக்கின்றன. அடுத்த ஆண்டு அந்த மேசையைச் சுற்றி நிற்கப்போகும் தங்கைகளே, நாணயம் குவளைக்குள் விழும்போது சிரியுங்கள். விதியை மனப்பாடம் செய்யுங்கள். அதன் பிறகு, அதைக் கண்டறிந்தவரையும் அவருக்காகச் செபித்த மகளையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி